கடைக்கு முதல் போட்டேன், வீட்டுக்குப் போட மறந்தேன்

சொந்தமாகச் சலூன் கடை திறந்து 4 மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை, மத்தியானத்திலிருந்து இரவு வரை நிற்க நேரமில்லாத வேலை. 4 ஃபேஷியல், 2 ஹேர்கட், நடுநடுவே த்ரெட்டிங். ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவைத் திறந்தால் ஹேர்கட்டுக்கும் த்ரெட்டிங்குக்கும் வந்த பணம் மட்டும் இருந்தது. ஃபேஷியல் செய்துகொண்ட 4 பேரும் திறப்பு மாதத்திலேயே 10 முறைக்கான பேக்கேஜ் எடுத்தவர்கள். கொடுக்க வேண்டியதை அவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். நான்தான் அதைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகக் கட்டி முடித்திருந்தேன்.

அன்று ராத்திரி கணவர் கேட்டார்: “கடை நல்லா ஓடுதுன்னு சொல்றே. அப்புறம் ஏன் கரண்ட் பில்லை கிரெடிட் கார்டுல கட்டுறே?”

பதில் இல்லை. கடை ஓடியது உண்மை. எனக்கு இடுப்பு விட்டுப்போனதும் உண்மை. பணம் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இப்போது கடைக்கு மூன்றாவது வருடம். அந்த முதல் வருடத்தில் பட்டதையும் அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதுகிறேன். தொகைகளைச் சொல்லப்போவதில்லை, அது இடத்துக்கு இடம் மாறும். கடை வாடகையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தக் கணக்கில் சொல்கிறேன். நீங்கள் உங்கள் வாடகையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கடை போடுவதற்கு முன் 9 வருடம் இன்னொருவர் சலூனில் வேலை பார்த்தேன். கத்தரி, சீப்பு, கலர், வாடிக்கையாளரின் முகம் பார்த்து மனசு தெரிந்துகொள்வது, எல்லாம் கைவந்திருந்தது. மாதக் கடைசியில் முதலாளியம்மா ஏன் யாரோடும் பேசாமல் ஒரு நோட்டோடு மூலையில் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் புரிந்ததில்லை. அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சேமிப்பு முழுவதும் கடைக்குப் போனது. அட்வான்ஸ், 2 ஹைட்ராலிக் நாற்காலி, ஷாம்பு யூனிட், சுற்றிலும் விளக்கு வைத்த கண்ணாடி, ஏசி. கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்று மடங்கு விலை. யாரும் இதுவரை அந்தக் கண்ணாடிக்காக என் கடைக்கு வந்ததில்லை. போட்டோவில் அழகாக விழும், அவ்வளவுதான். பணம் போதாமல் நாற்காலிக்கும் ஷாம்பு யூனிட்டுக்கும் கடன் வாங்கினேன். கடை திறந்த அன்று வீட்டுச் செலவுக்கென்று கையில் இருந்தது ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது.

அதை அப்போது ஒரு குறையாகவே நினைக்கவில்லை. கடைதான் திறந்தாயிற்றே, இனி கடை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் மாதம் என் நினைப்பு சரி என்றே தோன்றியது. பழைய வாடிக்கையாளர்கள், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், புதுக்கடை என்று எட்டிப்பார்த்தவர்கள் என்று 118 பேர். இரண்டாவது மாதம் அதில் பாதிகூட இல்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்து விலையைக் குறைத்தேன். அதுதான் உண்மையான தப்பு.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், அல்லது கொஞ்சம் கூடுதலாக வளரும். 9 வருடம் முடி வெட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அது என் வருமானத்தின் காலண்டர் என்பது தெரியவில்லை. குட்டையாக வெட்டிக்கொள்பவர் 5, 6 வாரத்தில் வருவார். நீள முடிக்காரர் நுனி வெட்ட 3 மாதம் ஆகலாம். வேரில் வெள்ளை தெரிய ஆரம்பிப்பதால் கலர் போடுபவர் 4 முதல் 6 வாரத்தில் வருவார். புருவத்துக்கு 2, 3 வாரம். முதல் மாதத்தில் எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டால், அடுத்த மாதம் அவர்கள் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கூட்டம் குறைந்தது என் வேலை பிடிக்காததால் அல்ல. முடி இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சலூனின் உண்மையான வருமானம் என்னவென்று தெரிய, குறைந்தது 3 மாதம் பிடிக்கும். வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணிக்கை நிலைப்பட இன்னும் சில மாதங்கள். அதுவரை வீடு எதில் நடக்கும்? இப்போது என்னிடம் யாராவது கேட்டால், 6 மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் கடைக்கான முதல் என்று சொல்வேன். மிச்சம் ஒரு நாற்காலிக்குத்தான் வரும் என்றால் ஒரு நாற்காலியோடு திறக்கலாம். என் இரண்டாவது நாற்காலி முதல் வருடம் முழுக்கத் துவைத்த துண்டுகளை மடித்து வைக்கத்தான் பயன்பட்டது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்த விடுமுறை நாளில் பழைய முதலாளியம்மாவைப் பார்க்கப் போனேன். அவரிடமிருந்து விலகி வந்து கடை போட்டவள் என்ற கூச்சம் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நேராகக் கேட்டார்.

“பேக்கேஜ் பணத்தைத் தொட்டியா?”

“தொட்டாச்சுக்கா.”

“எத்தனை பேர் பாக்கி?”

“தெரியலைக்கா.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “முதல்ல அதை எண்ணிட்டு வா. மத்ததை அப்புறம் பேசலாம்” என்றார்.

எண்ணினேன். 31 பேர் பேக்கேஜ் எடுத்திருந்தார்கள். சிலர் 2 முறை வந்திருந்தார்கள், சிலர் 6 முறை. மொத்தம் 187 ஃபேஷியல் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கிரீம், மாஸ்க், துண்டு, தண்ணீர் எல்லாம் என் செலவில். வட்டி இல்லாத கடன் என்று வேண்டுமானால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கடன்தான். பணமாகத் திருப்பித் தராமல் உடம்பால் திருப்பித் தர வேண்டிய கடன். நான் அதை வருமானம் என்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தேன்.

அந்த 187-ஐ முடிக்க அடுத்த 8 மாதம் ஆனது. பேக்கேஜ்காரர்களுக்குச் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் நேரம் கொடுத்தேன். சனி, ஞாயிறு பணம் கொடுப்பவர்களுக்கு. 2 பேர் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இப்போதும் பேக்கேஜ் விற்கிறேன், ஆனால் 10 அல்ல, 5 முறைதான். அந்தப் பணம் தனிக் கணக்கில் போய் உட்காரும். ஒரு முறை வேலை முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு கடைக்கணக்குக்கு வரும். அதற்கு முன் அது என் பணம் அல்ல. பரிசுக் கூப்பன்களுக்கும் இதே வழிதான்.

முதலாளியம்மா சொன்ன இரண்டாவது விஷயம் கல்லாவைப் பற்றி. நான் பணத்தை வீட்டுக்கு எடுத்தது திருட்டுத்தனமாக அல்ல, என் பணம்தானே என்ற நினைப்பில். வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டும், கல்லாவிலிருந்து எடு. ஷாம்பு தீர்ந்துவிட்டது, வீட்டுப் பர்ஸிலிருந்து கொடு. இதில் நோட்டாக வரும் பணமாவது கண்ணுக்குத் தெரியும். போன் வழியாக வருவது நேராக என் சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே வீடும் கடையும் ஒரே குழம்பாகக் கலந்து கிடந்தன. மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். இதுதான் என் கணக்குப் புத்தகம்.

கடைக்குத் தனி வங்கிக் கணக்கு திறக்க அரைநாள் ஆனது. அந்த அரைநாளை 5 மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். வரும் பணம் எதுவானாலும் அதில் விழும். எனக்கு மாதம் 1-ஆம் தேதி அதிலிருந்து சம்பளம். நடு மாதத்தில் வீட்டில் பணம் போதவில்லை என்றால் வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டுமே தவிர, கடையைத் தொடக்கூடாது. கேட்க எளிதாக இருக்கும். முதல் 2 மாதம் மாலை 7 மணிக்குக் கல்லாவைப் பூட்டும்போது கை தானாக உள்ளே போகும். பழக்கம் அப்படி.

சம்பளம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். கடை தரக்கூடியதை வைத்து முடிவு செய்வதா, வீட்டுக்கு வேண்டியதை வைத்தா? நான் வீட்டிலிருந்து தொடங்கினேன். கணவரும் நானும் ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு செலவையும் எழுதினோம். சில்லறைச் செலவையும் விடவில்லை. அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றையெல்லாம், பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், வண்டிப் பழுது, கூட்டி 12-ஆல் வகுத்து மாதச் செலவில் சேர்த்தோம். நான் மனதில் வைத்திருந்த தொகையைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகமாக வந்தது. வருடச் செலவுகளை நான் செலவாகவே நினைத்ததில்லை, திடீரென்று வந்து விழும் கஷ்டமாகத்தான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வருவதை எப்படித் திடீர் என்று சொல்வது?

அதில் கணவரின் வருமானம் போக மிச்சத்தை என் சம்பளமாக வைத்தோம். வாடகை 100 என்றால் என் சம்பளம் 150. அது போக, சில செலவுகளை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தோம். எவற்றை நிறுத்தினோம் என்பதைவிட இருவரும் சேர்ந்து நிறுத்தினோம் என்பதுதான் உதவியது. அதற்கு முன் நான் கடைக்கணக்கை அவரிடம் மறைக்கவில்லை, ஆனால் காட்டவும் இல்லை. தெரியாதவர் எப்படி ஒத்துழைப்பார்?

சம்பளம் நிலையாக இருக்க, கடையில் ஒரு கையிருப்பு வேண்டும். நல்ல மாதத்தில் அதிகம் வந்தால் நான் அதிகம் எடுக்க மாட்டேன். அது கையிருப்பில் போய்ச் சேரும். மந்தமான மாதத்தில் அதிலிருந்து என் சம்பளம் வரும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 14-ஆவது மாதம் தெரிந்தது. வலது கட்டைவிரல் அடியில் தசைநாண் வீங்கி, கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. இந்தத் தொழிலில் மணிக்கட்டும் விரலும் போவது சாதாரணம். நாள் முழுக்க ஈரத்தில் வேலை செய்வதால் கைத்தோல் வெடித்துப் போவதும் அப்படித்தான். மருத்துவர் 3 வாரம் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். உதவிக்கு இருந்த பெண் த்ரெட்டிங்கும் ஃபேஷியலும் பார்த்துக்கொண்டாள். ஹேர்கட்டும் கலரும் நின்றுபோயின. கையிருப்பில் 2 மாதச் சம்பளம் இருந்ததால் 1-ஆம் தேதி வழக்கம்போல வீட்டுக்குப் பணம் வந்தது. இதே கைவலி 4-ஆவது மாதத்தில் வந்திருந்தால் கடையை மூடியிருப்பேன். மருத்துவச் செலவுக்கான காப்பீடு எடுத்து வைப்பது நல்லதுதான். ஆனால் சிகிச்சைச் செலவைத் தரும் சாதாரண மருத்துவக் காப்பீடு, வேலை செய்ய முடியாத நாட்களின் வருமானத்தைத் தராது. இரண்டும் வேறு வேறு.

இனி விலை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அறிந்த பெரும்பாலான சலூன்காரர்கள் பக்கத்துக் கடைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குறைத்துத் தங்கள் விலையை எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். நாற்காலி 2 என்பதால் 416 என்று முதலில் போட்டேன். வெட்டும் கை ஒரு ஜோடிதானே! 208-தான். அதிலும் ஆள் உட்கார்ந்திருந்த நேரத்தை ஒரு மாதம் குறித்துப் பார்த்தால் 115 மணி நேரம் வந்தது. மிச்சமெல்லாம் காத்திருப்பு, சுத்தம் செய்வது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களின் நேரம். ஆக, கடையின் மொத்த மாதச் செலவையும் இந்த 115 மணி நேரம்தான் தூக்க வேண்டும்.

செலவு: வாடகை 100, மின்சாரமும் தண்ணீரும் 25, கடன் தவணை 45, உதவிப் பெண்ணின் சம்பளம் 90, சலவை முதல் சில்லறை வரை 20, என் சம்பளம் 150. மொத்தம் 430. அதை 115-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.74. இதுதான் என் நாற்காலியின் ஒரு மணி நேர விலை. நான் ஒன்றுமே செய்யாமல் அதில் ஒருவரை உட்கார வைத்தாலும் இந்தச் செலவு உண்டு. உதவிப் பெண் தனியாகச் செய்யும் த்ரெட்டிங்கை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வரவு மேல்வரவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை வைத்துப் பட்டியலைப் பார்த்தேன். ஹேர்கட்டுக்கு 40 நிமிடம். நாற்காலிச் செலவு 2.5. நான் வாங்கியது 4. சரி, நல்ல வேலை. அடுத்தது ஸ்ட்ரெயிட்டனிங். கடையிலேயே அதிக விலை உள்ளது அதுதான், ஒருவர் வந்தால் அன்று எனக்குக் கொண்டாட்டம். நான்கரை மணி நேர வேலை. நாற்காலிச் செலவு ஏறக்குறைய 17, கிரீமுக்கு 7, மொத்தம் 24. நான் வாங்கியது 20! நான் கொண்டாடிய ஒவ்வொரு நாளும் 4 இழந்திருக்கிறேன். அதே நேரத்தில் 6 ஹேர்கட் செய்திருந்தால் 24 வந்திருக்கும்.

உடனே ஸ்ட்ரெயிட்டனிங்கை நிறுத்திவிட்டேன். அது இன்னொரு அவசரப் புத்தி. யாருமே வராத ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்காலி காலியாகக் கிடந்தாலும் வாடகை ஓடத்தான் செய்யும். அன்று ஸ்ட்ரெயிட்டனிங் ஒன்று வந்தால் கிரீம் செலவு 7 போக 13 கைக்கு வரும். அந்த 13 வாடகைக்கு உதவும். நஷ்டம் என்பது சனிக்கிழமை, 6 ஹேர்கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அதைச் செய்யும்போதுதான். இது புரிய எனக்கு 2 மாதமும், நல்ல வாடிக்கையாளர் மூவரின் பிரிவும் தேவைப்பட்டன. இப்போது ஸ்ட்ரெயிட்டனிங் வார நாட்களில் மட்டும், விலை 26, நேரம் பதியும்போதே கால் பங்கு முன்பணம். முன்பணம் வாங்க ஆரம்பித்த பிறகு வராமல் போகிறவர்கள் மிகக் குறைந்துவிட்டார்கள்.

விலை ஏற்றியபோது ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயத்தில் 2 நாள் தூங்கவில்லை. சிலர் போனார்கள். போனவர்களில் பலர் நான் விலை குறைத்தபோது வந்தவர்கள்.

சரக்கு பற்றிச் சுருக்கமாக. கடை திறந்தபோது ஒரு டீலர், முடிக்குப் போடும் கலரில் முழு ஷேட் கார்டையும், அதாவது எல்லா நிறத்தையும், எடுத்தால் தள்ளுபடி என்றார். 48 ஷேட் வாங்கி அலமாரியில் அடுக்கினேன், பார்க்க அம்சமாக இருந்தது. ஒரு வருடத்தில் ஓடியது 7 ஷேட். மற்றவை அலமாரியில் உறைந்துபோன என் வீட்டுச் செலவுப் பணம். டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் 6 அல்லது 12 என்று போட்டிருப்பது, திறந்த பின் எத்தனை மாதம் நன்றாக இருக்கும் என்பதற்கு. அதைப் பார்த்துப் பார்த்துக் குப்பையில் போட்டேன். இப்போது ஓடும் ஷேடில் 2 வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும், அபூர்வமானதை நேரம் பதிந்த பிறகு வாங்குவேன். எப்படியும் கலருக்கு 48 மணி நேரம் முன்பே அலர்ஜிப் பரிசோதனை செய்வதால் வாங்க அவகாசம் இருக்கிறது.

நான் வாங்கியதிலேயே மிகச் சீக்கிரம் காசைத் திருப்பித் தந்தது ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. அதுவரை கலரைக் கண் அளவில் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கலரை முடியில் பிடிக்க வைக்கும் டெவலப்பரோடு கலந்த நிமிடமே வேதிவினை தொடங்கிவிடும், மிஞ்சியதை எடுத்து வைக்க வழியில்லை. கிண்ணத்தோடு கழுவிவிட வேண்டியதுதான். கலர் 1-க்கு டெவலப்பர் ஒன்றரை என்று தராசில் அளந்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை கிராம் பிடித்தது என்று நோட்டில் எழுத ஆரம்பித்ததும் கலர் செலவு கால் பங்கு இறங்கியது.

கடன் கதை ஒன்று பாக்கி. நாற்காலிக்கும் ஷாம்பு யூனிட்டுக்கும் வாங்கியது 2 வருடக் கடன், வட்டி 10 சதவீதம் என்றார்கள். குறைவுதானே என்று கையெழுத்துப் போட்டேன். அது ஃப்ளாட் வட்டி. நான் அசலைக் கட்டக் கட்ட, வட்டி குறையும் அசலுக்கு அல்லாமல் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே 2 வருடமும் போடப்பட்டது. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் எந்த முறை என்று கேட்கவில்லை. மாதத் தவணையை 24-ஆல் பெருக்கி, வாங்கிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது செய்திருக்கலாம்.

கார்டு பாக்கி அதைவிட மோசம். மாதம் 3 சதவீதம் என்பது சின்னதாகத்தான் தெரியும். கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் பாக்கி இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, கட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த மாதங்கள் உண்டு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது முதலில் அடைத்தது கார்டைத்தான். கடைக்கடனை முன்கூட்டி அடைத்தால் வட்டி பெரிதாகக் குறையாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, அதனால் அதை அதன் போக்கில் விட்டேன்.

அக்காவிடம் வாங்கிய கைமாற்று தனி ரகம். வட்டி இல்லை, கெடு இல்லை, கேட்கவும் மாட்டாள். ஆனால் நான் புதிதாக எது வாங்கினாலும் அவள் கண் அதன் மேல் ஒரு கணம் நிற்கும், அல்லது நிற்பதாக எனக்குத் தோன்றும். ஒரு நாள் காகிதத்தில் மாதம் இவ்வளவு, இன்ன மாதம் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். “எனக்கெதுக்குடி இது?” என்று திட்டினாள். ஆனாலும் மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வரிக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தின வார வரவில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குகிறேன். எவ்வளவு பங்கு என்பதைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடை திறப்பதற்கு முன்பே கேளுங்கள். நான் திறந்து ஒரு வருடம் கழித்து, பில்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போனேன். அவர் பையைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உதவிப் பெண்ணுக்குச் சம்பளம் போக, அவள் செய்யும் வேலையில் கமிஷன் தருகிறேன். முதலில் பில் தொகை மேல் கணக்கிட்டேன். பில் 100 என்றால் அதில் 25 பொருள் செலவு. 40 சதவீதம் கமிஷன் என்றால் அவளுக்கு 40, எனக்கு 35. பொருளை அளந்து பயன்படுத்த அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. பொருள் செலவு போக மிச்சத்தில் 40 சதவீதம் என்று மாற்றினால் அவளுக்கு 30 ஆகும். ஏற்கெனவே பேசியதை அப்படிக் குறைப்பது நியாயமில்லை என்று பட்டது. அதனால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு முறையை மாற்றினோம். தராசை இப்போது என்னைவிட அவள்தான் கறாராகப் பயன்படுத்துகிறாள். டிப்ஸ் முழுக்க அவளுடையது, அதில் கை வைத்ததில்லை.

கடைக்கடன் போன வருடக் கடைசியில் முடிந்தது. தவணைக்குப் போன 45-ல் 20-ஐ என் சம்பளத்தில் சேர்த்தேன், 25-ஐப் பழுதுக் கணக்கில் போடுகிறேன். ஹைட்ராலிக் நாற்காலி நிற்காமல் இறங்க ஆரம்பித்தாலோ ஷாம்பு யூனிட்டில் குழாய் கசிந்தாலோ இனி கார்டைத் தேட வேண்டாம். மாதச் செலவு அதே 430.

அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கட்டிட உரிமையாளர் 15 கூட்டிக் கேட்கிறார். 3 வருடத்துக்கு முன் என்றால், தரலாமா வேண்டாமா என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டிருப்பேன். இப்போது நோட்டைத் திறந்து பார்த்தேன். 445-ஐத் தூக்க 119 மணி நேரம் வேண்டும், அதாவது மாதத்துக்கு 4 மணி நேரம் கூடுதல். 6 ஹேர்கட். செவ்வாய்க்கிழமைகளில் அந்த இடம் இருக்கிறது. முதலில் 10-க்குப் பேசிப் பார்க்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். “15-க்கே ஒத்துக்கோ, ஆனா ஒப்பந்தத்தை 3 வருஷத்துக்குப் போடச் சொல்லு” என்கிறார். அதுவும் யோசிக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பேசப் போகிறோம்.